கட்டத்துக்குள் விழுந்த புள்ளி

எங்கள் பள்ளியில் கால அட்டவணை என்று ஒன்று உண்டு. முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக மாட்டியிருக்கும். அதன்படி ஒரு நாளும் வகுப்பு நடந்ததில்லை. இன்று எனக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கா, ஆறாம் வகுப்பு அறிவியலா, இல்லை தெருத்தெருவாகப் போய் சேர்க்கை நோட்டீஸ் கொடுக்கும் வேலையா என்பது காலையில் போனால்தான் தெரியும். முதல்வர் தாளாளருடைய மைத்துனர். முன்பு அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மூட்டையை எண்ணி லாரியில் ஏற்றுவது போலவே எங்களையும் எண்ணி வகுப்புக்குள் அனுப்புவார்.

நான் தேசூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி ஆரணிக்கு வருகிறவள். எங்கள் வீட்டில் நாற்று நடப் போகாத முதல் பெண் நான்தான். அந்த வீம்பில்தான் நாலு வருடம் தாக்குப்பிடித்தேன். அந்த மாசி மாதம் வீம்பும் தீர்ந்துபோனது. ராஜினாமாக் கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல், கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆசிரியர் கூட்டத்தில் யாராவது கத்தினால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் வரைபடப் பாடம் வந்தபோது அலுவலகத்தில் வரைபடத் தாள் கேட்டேன்.

"அதெல்லாம் இன்ஸ்பெக்ஷனுக்கு வச்சிருக்கிறது மிஸ். எடுத்துட்டா வர்றவங்களுக்கு என்னத்த காட்றது?" என்றார் முதல்வர். வெள்ளைத் தாளும் அதே பீரோவில்தான், பூட்டுக்குப் பின்னால்.

நான் முணுமுணுத்துக்கொண்டே வகுப்புக்கு வந்ததை முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். அவள் அப்பா பட்டுத்தறி வைத்திருப்பவர். மறுநாள் வீட்டிலிருந்து, சேலை பார்டருக்கு டிசைன் வரையும் கட்டத்தாள் ஒரு கட்டு கொண்டுவந்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. பாடத்தையும் அதில் நடத்தினேன், தேர்வையும் அதிலேயே வைத்தேன். நடத்தும்போதே இரண்டு முறை நோட்டீஸ் கொடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது வேறு கதை.

விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் தலை சுற்றியது. ஆறு பேர் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூடக் கோட்டின் மேல் இல்லை. எல்லாம் கட்டத்துக்கு நடுவில். தாள் கொண்டுவந்த பெண்ணும் அந்த ஆறில் ஒருத்தி. கழுத்தளவு கோபத்தில் இருந்தேன், சிவப்பு மையால் அடித்துத் தள்ளினேன். ஆறு பேரும் தோல்வி.

அதற்கப்புறம்தான் செய்தது உறைத்தது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இந்தத் தேர்வில் தோற்பவர்களுக்கு டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டுமே! டி.சி. பட்டியலில் ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தாளாளர் கையெழுத்துப் போடுவார்.

வியாழக்கிழமை மதியம் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "கண்ணு தெரியலயாடி உனக்கு? கட்டத்துக்கு நடுவுல பொட்டு வச்சிருக்க?"

"நடுவுலதானே மிஸ் வைக்கணும்? கட்டந்தானே நூலு? கோடு சும்மா, எண்றதுக்குப் போட்டது."

எனக்குக் குரல் இறங்கிவிட்டது. "சரி, சைபர் வர்ற புள்ளியெல்லாம் ஏன் வைக்கவே இல்ல?"

"சைபராவது நூலுன்னு ஒண்ணு இல்லயே மிஸ். தேடிகினே இருந்தேன், பெல் அடிச்சிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் வீட்டில் அந்தத் தாளில் எண்ணுவது கட்டத்தைத்தான். ஒரு கட்டம் என்றால் ஒரு நூல். நெடுக்கில் மூன்றாவது நூல், குறுக்கில் இரண்டாவது இழை என்றால் அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள். ஆறு பேரும் தறி வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் டியூஷனில் வரைபடத் தாளில் போட்டுப் பழகியவர்கள். நாற்று நடுகிற வீட்டிலிருந்து வந்த எனக்கு இது எங்கே தெரியும்? தெரியாதது குற்றமில்லை, கேட்காமலே அடித்ததுதான் குற்றம்.

அந்த நிமிடமே ஆறு பேரையும் சைக்கிள் ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை.

"இன்னியிலருந்து கோடுதான் நூலு. ரெண்டு கோடு தாண்டுற எடத்துல பொட்டு. நடுவுல தடியா போட்டிருக்கே, இந்த ரெண்டும் சைபராவது நூலு. புரியுதா?"

"அவ்ளோதானா மிஸ்? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

பத்துப் புள்ளி கொடுத்தேன். நான் கீழே உட்கார்ந்து புடவையைச் சரிசெய்வதற்குள் முடித்துவிட்டார்கள். ஒரு தப்பு இல்லை! கழித்தல் குறி போட்டுக் குழப்பினேன், தொண்ணூற்றேழு, எண்பத்தாறு என்று பெரிய எண்ணாகக் கொடுத்தேன். விரலைக்கூட வைக்காமல் கண்ணாலேயே எண்ணிப் புள்ளி வைத்தார்கள். வகுப்பில் வேறு யாருக்கும் இது வராது, எனக்கே வராது. சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலுக்கு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

ஷெட்டில் அவர்கள் போட்ட ஆறு தாளையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் நுழைந்தேன்.

"மார்க்கெல்லாம் ஏத்தியாச்சு மிஸ். பேஜார் பண்ணாதீங்க."

"பசங்க மேல தப்பில்ல சார். நான் நடத்துனதுலதான் தப்பு."

அவருக்குப் பிடித்துவிட்டது. தப்பு யார் தலையிலாவது இருந்தால் அவருக்குப் போதும். "அப்படின்னா அத எழுதிக் குடுங்க, ஜல்தி. தாளாளர் கேட்டா உங்களத்தான் காட்டுவேன்."

எழுதத் தாள்? பீரோவில் பூட்டியிருக்கிறது. பையில் கைவிட்டேன். கையில் வந்தது ஒரே ஒரு தாள்தான். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில், நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, மறுதேர்வில் ஆறு பேரும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை தேதியோடு. அவர் படித்துவிட்டு, பட்டியலை இழுத்து ஆறு பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு தாளைப் புரட்டினார்.

"இன்னா மிஸ் இது? இந்தப் பக்கம் வேலைய வுட்டுப் போறேன்னு எழுதியிருக்கு?"

"அது பழசு சார். தேதி போடல பாருங்க."

அவர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எந்தப் பக்கத்தை மேலே வைத்துக் கோப்பில் குத்துவது என்று அவருக்குப் புரியவில்லை. சொல்லிக்கொடுக்க நான் நிற்கவில்லை. எனக்கு ஒன்பதாம் வகுப்பு இருந்தது, அதுவும் அட்டவணைப்படி.