ஓட்டைக்கு ஓட்டை பொட்டு

ஆயுத பூஜைக்கு அண்ணனுக்கு சைக்கிள், அப்பாவுக்கு ஸ்கூட்டர் என்று துடைக்கும் வேலையைப் பிரித்த அம்மா, கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. பெருமையில் கால் தரையில் படவில்லை.

சிதம்பரத்தில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையதுதான். டீச்சரான அம்மா ஆறு வருடமாக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை முழுக்க அதற்குள் இருந்தது. முடிவுரை மட்டும் பாக்கி. விஜயதசமிக்கு மறுநாள் காலை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாயிற்று. இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மேலாகத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் பின்பக்கத்து ஒயர்களையெல்லாம் பிடுங்கினேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு வாய். மவுசுக்குப் பச்சை வட்டம், கீபோர்டுக்கு ஊதா வட்டம், பிரிண்டருக்குத் திருகாணி வைத்த நீள வாய். அதனதன் ஒயர் அதனதன் வாயில்தான் போகும். எல்லா வாய்க்கும் தலைமாட்டில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். திரும்பச் செருகும்போது கீபோர்டு ஒயர் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் அதன் நுனிக்குள் இருந்த ஊசிகளில் ஒன்று படுத்துக் கிடந்தது. அம்மாவின் ஹேர்பின்னை விட்டு நிமிர்த்தப் போனேன். ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

ஊசியைப் பென்சில் டப்பாவில் ஒளித்தேன். ஒயரை ஒன்றும் நடக்காதது போலச் செருகி வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அதனால் விஷயம் தெரிந்த ஒரே ஆளாக ஒரு நாள் முழுக்க நான் நடமாட வேண்டியிருந்தது. என் பங்குப் பொரிகடலையை அண்ணன் தட்டில் கொட்டிவிட்டேன். "அதுல கை வெச்சு எதுனா ஆச்சு, தோல உரிச்சிடுவேன்" என்று கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். நாளைக்கு ஊரில் கரண்டே இருக்கக் கூடாது என்று சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டேன்.

கரண்ட் இருந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டாள். பீப் என்று ஒரு சத்தம். கீபோர்டைக் காணவில்லை, மேலே போக இந்தப் பட்டனை அழுத்து என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து நின்றது. இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது? இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அம்மா ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜை லீவுக்குக் கடைகளெல்லாம் பூட்டு. அம்மா கடலூரில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

அங்கே மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா மத்தியானத்துக்குள் பஸ் பிடித்து வந்தார். அவர் கொண்டுவந்த கீபோர்டிலும் சந்தனம் காய்ந்திருந்தது. பூஜையிலிருந்து அப்படியே எடுத்து வந்துவிட்டார். ஒயர் நுனியைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. வட்டம் இல்லை, தட்டை.

"இது இதுல போவாதேடா" என்றாள் அம்மா.

"போவும்க்கா. இனிமே எல்லாத்துக்கும் இதே வாய்தான். மவுசு, பிரிண்டர், எந்தக் கம்பெனி வாங்குனாலும் சரி. வளையறதுக்கு ஊசியே கெடையாது. ஆன்ல இருக்கறப்பவே புடுங்கலாம், சொருவலாம்."

ஊசி என்றதும் பென்சில் டப்பா பக்கம் திரும்பிவிடாமல் கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மாமா பெட்டியைத் திருப்பினார். அதுவரை யாரும் தொடாத இரண்டு தட்டை ஓட்டைகள் பின்னால் இருந்தன. அவற்றுக்கும் நான் பொட்டு வைத்திருந்தேன்.

"இன்னாக்கா இது, ஓட்டைக்கு ஓட்டை பொட்டு வெச்சிருக்க?" என்று சிரித்தவர், பழைய ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். "இதுல ஒரு ஊசியக் காணோமே."

அப்பா எழுந்து வந்தார். "யாரு கழட்டுனது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான். தொடைக்கறதுக்குக் கழட்டுனேன்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை.

இவ்வளவு படித்தும் என்ன பிரயோஜனம் என்று அப்பா சாயங்காலம் வரை திட்டித் தீர்த்தார். அம்மா புதுக் கீபோர்டில் முடிவுரையை அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்ததை அம்மா மறந்துவிட்டாள், நல்லவேளை அவளுக்கு மறதி என்று சரஸ்வதிக்கு நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கட்டுரையின் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு பூஜையன்றைக்கு நடந்த விஷயம் எப்படி மறக்கும் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தெரியவில்லை.