ஒரு பேர் கூடுதல்

தை பிறந்தால் எங்கள் சபைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். நான்கு பக்கம். குடும்பங்கள் எத்தனை, ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை, அவர்களில் பீடத்தில் அப்பமும் திராட்சரசமுமாக நற்கருணை வாங்குகிறவர்கள் எத்தனை, வருடத்தில் பிறந்தது, இறந்தது, வேறு சபையிலிருந்து வந்தது, போனது என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். அந்தப் படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய நகலைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

சூலூர்ப் பக்கம் தறிக் குடோன்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன லுத்தரன் சபை எங்களுடையது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தி, தறிக்கு நூல் தார் சுற்றப் போனவள் நான். கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் என்னிடம் பதிவேடுகளைக் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்லத் தைரியம் வரவில்லை. பதினோரு வருடமாக நான்தான் எழுதுகிறேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. போன வருடத் தொகையோடு புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் கழித்தால் இந்த வருடத் தொகை வந்துவிடும். பழைய படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வந்த போதகர் இந்தத் தடவை அதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, பழசைப் பார்த்து எழுதாதீங்க. நற்கருணை நோட்டை எடுத்துப் பேர் பேரா எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா வரணும்ல?"

வரவில்லை. கூட்டிக் கழித்தால் எண்பத்தாறு. பேர் பேராக எண்ணினால் எண்பத்தேழு.

இறந்தவர் யாரையோ சேர்த்து எண்ணிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அந்தியூருக்குக் கல்யாணமாகிப் போன பெண்ணின் பேரை அடிக்காமல் விட்டுவிட்டேனோ? அதை அப்போதே அடித்திருந்தேன். கடைசியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு பேருக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அம்மணி, பல்லாங்குழியா? நானும் ஒரு கை ஆட்டத்துக்கு வரட்டுமா?"

"சும்மா போங்க. இங்க ஒரு ஆளு அதிகமா இருக்குது."

"அது நானாத்தான் இருக்கும். தூக்கிப் போட்டுரு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த நாள் ஆலயத்து அறையில் நற்கருணை நோட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒவ்வொரு பேராகத் தேடினேன். ஒரு பேர் மட்டும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லை. வேறு சபையிலிருந்து வந்தவர்கள் பட்டியலிலும் இல்லை. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்கிற அக்காவின் பேர் அது. பதினோரு வருடமாக ஒரு மாதம் விடாமல் நற்கருணை வாங்கியிருக்கிறார்.

அந்தப் பேரை எழுதியது நான்தான்.

எங்கள் சபையில் நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வந்து பேர் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானமும், வளர்ந்த பின் அதை உறுதிசெய்கிற திடப்படுத்தலும் ஆனவர்கள்தான் கொடுப்பார்கள். அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் பொறுப்புக்கு வந்த புதிதில், தன் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியோடு அந்த அக்கா வந்து நின்றார். நான் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்காமல், "பேரு சொல்லுங்க" என்றேன். சொன்னார். எழுதினேன். வேறு சபையிலிருந்து வந்தவராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய சபையின் கடிதம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். என்னைவிட வயதில் மூத்தவரிடம் கேட்கக் கூச்சம். கேட்டால், நீ என்ன படித்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்றுகூடப் பயம். கூட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரி பின்னாளில் மகளோடு பெருந்துறைக்குக் குடிபோய்விட்டாள்.

ஞானஸ்நானம் இல்லாதவருக்குப் பீடத்தில் இடமில்லை. இது வெளியே தெரிந்தால் அந்த அக்காவை நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். போதகரிடம் போயிருக்கலாம். ஏதாவது வழி சொல்லியிருப்பார். ஆனால் பதினோரு வருடத் தப்பு என் தலையில் விடியுமே என்ற நடுக்கத்தில் நேராக அந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி, அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் பழனி முருகன் காலண்டர்.

"வா கண்ணு. என்ன, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஏனுங்க்கா, உங்களுக்கு ஞானஸ்நானம் எந்த ஊர்லீங்க ஆச்சு?"

"எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் ஆகலியே."

"அப்பறம் நற்கருணை வாங்குனீங்க?"

"நீதானே அம்மணி பேரு கேட்ட. சொன்னேன். எழுதிக்கிட்ட. பேரு எழுதுனாச் சேந்தாச்சுன்னு நெனச்சுப்போட்டேன்."

எப்படியோ விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கூடுதலாக வருகிறது, ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றேன்.

அவர் வெங்காயத்தைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "என்ற ஊட்டுக்காரரு தவறிப்போன வருசம் ஊட்டுக்குள்ளயே இருக்க முடியலீன்னு அங்க வந்தேன். நான் வாரது பையனுக்குத் தெரியும். ஒண்ணுஞ் சொல்லமாட்டான். ஆனா தண்ணி ஊத்திக்கறதுன்னா ஒத்துக்கமாட்டான் கண்ணு. அவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம்."

"சரிங்க்கா."

"நான் பீடத்துக்கு வாரதுல உனக்கு ஏச்சு வருமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் குனிந்து ஒரு அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ற பேரை எடுத்துப்போடு. நான் வந்து சும்மா உக்காந்துக்கறேன். உக்காரலாமல்ல?"

"உக்காரலாமுங்க்கா" என்றேன். அனுமதி கொடுக்க நான் யார் என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே ஸ்கேல் வைத்து அந்தப் பேரை அடித்தேன். எண்பத்தாறு. போதகர் கையெழுத்துப் போடும்போது, "பார்த்தீங்களா, எண்ணினா வந்துடுது" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நற்கருணைக்கு அந்த அக்கா பேர் கொடுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதே சுவரோரம். வரிசை எழுந்து முன்னே போனபோது, முன்னால் இருந்த பெண்ணின் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் போதகர் கேட்டுவிட்டார். "கடைசியில உக்காருவாங்களே, அந்தம்மா ஏன் இப்பல்லாம் முன்னால வர்றதில்ல?"

சொல்ல அதுதான் நல்ல நேரம். நான், "முட்டி வலிங்கய்யா" என்றேன்.

அந்தப் பொய் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கே போதகர் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அடுத்த மாதம் எல்லோரும் வாங்கி முடித்த பிறகு அப்பத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கி நடுவழியில் நடந்தார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் பாதி தூரம் போய்விட்டிருந்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த அக்கா தட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, இத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தலையசைப்புப் போதும். வாங்கியிருப்பார். எனக்கு எண்பத்தாறு என்ற எண்தான் மண்டைக்குள் ஓடியது. நான் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவர் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். போதகர் கொஞ்சம் தடுமாறி நின்றார். பிறகு அந்த அக்காவின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுத் திரும்பினார்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது அந்த அக்கா பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன். இல்லை.

"அந்தக் கணக்கு சரியா வந்துச்சா அம்மணி? அன்னைக்கு ரொம்பப் பயந்து கெடந்தயே."

"வந்துச்சுங்க்கா."

"அப்பச் சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நல்ல வேகமான நடை. படியில் நின்றிருந்த போதகர் அந்த நடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.