பேரரசி என்ற பட்டப்பெயர்

எழுபதுகளின் கடைசியில் மதுரைக் கல்லூரி ஒன்றில் நான் வரலாறு படித்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கீழக்குயில்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்பவர்கள். அவள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

ஒருநாள் ஆசிரியர் ரோமாபுரிப் பேரரசி ஒருத்தியைப் பற்றிப் பாடம் எடுத்தார். கணவனின் ஆட்களே அவளைக் கொன்றார்கள். சிலைகளை அகற்றி, கல்வெட்டிலிருந்த பெயரையும் செதுக்கி எடுத்தார்கள். அவளுடைய ஆண் சகவாசக் கதைகள் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் தாண்டி எங்கள் வகுப்புவரை வந்திருந்தன. ஆசிரியர் ருசித்துச் சொன்னார். பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள்.

அவள் எழுந்தாள். "சார், இதெல்லாம் அவ செத்த பெறகு ஆம்பளைங்க எழுதுனதுதானே? அவ பக்கத்து நாயத்த யாராச்சும் எழுதிருக்காகளா?"

"அவளுக்காக நீ ஏம்மா இம்புட்டு வரிஞ்சு கட்டுற? சொந்தமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் கரும்பலகையில் 'பேரரசி வருகிறார்' என்றிருந்தது. ஒரே மாதத்தில் அந்தப் பெயர் அவள் வரும் பஸ்ஸிலும் ஏறிவிட்டது. கல்லூரி வாசலுக்கு வந்த அவள் அம்மா என்னிடம், "எம்மகள ராணின்னு கூப்புடுறாகளாம்ல!" என்று பூரித்தாள். நான் தலையாட்டினேன்.

டீக்கடையில் யாரோ அவள் அண்ணனுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை விளக்கிவிட்டார்கள். அதன்பின் அவள் வரவில்லை. பரீட்சை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"படிச்சது போதும். ஊரே சிரிக்குது."

"அவ ஒரு தப்பும் செய்யலண்ணே."

"இத அங்க சிரிச்சவங்ககிட்டச் சொன்னியா?"

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை. தை மாதம் அவளைத் திண்டுக்கல் பக்கம் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, மதுரைக் காய்கறி மார்க்கெட்டில் தக்காளிக் கூடையோடு நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் சட்டென்று பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நான் காலேசு போனதே எம்புருசன் வீட்ல பேசக் கூடாதுடி. இவளுக்கும் தெரியாது. சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சரி, பஸ்ஸு வந்துருச்சு. வாரேன்."

கூடையைத் தலையில் ஏற்றிவிட்டேன். மகளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.