துளுக்காத கிடா

போன வாரம் எங்கள் கருப்பணாருக்குக் கிடா வெட்டினோம். பூசாரி ஒரு கை தண்ணீர்தான் தெளித்தார். கிடா உடனே உடம்பை உதறிவிட்டது.

யாரும் குலவை போடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் ‘சுபம்’ போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பட்டணத்து வாசகர்களுக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம். எங்கள் நாமக்கல் பக்கம் சாமிக்கு விட்ட கிடாவைச் சட்டென்று வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, கோயில் வாசலில் நிறுத்தி, முதுகில் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்து உதற வேண்டும். ‘துளுக்குவது’ என்போம். துளுக்கினால் சாமிக்குச் சம்மதம். துளுக்காவிட்டால்... குடும்பத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு வா என்று அர்த்தம்.

எனக்கு இதில் பூரண நம்பிக்கை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — மேலே படித்துவிட்டு யாரும் என்னை நாஸ்திகன் என்று நினைத்துவிடக் கூடாது.

இது என் மாமியார் பாவாயி அம்மாள் காலமாகி, வருஷம் திரும்பியபின் வெட்டிய முதல் கிடா. ஏமாற்றத்துக்குக் காரணம் அதுதான்; அவர் நிறுத்திய கிடா இவ்வளவு சுலபத்தில் துளுக்கியதில்லை.

அவருக்கு என்ன வயது? 1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை என்பார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தாலியை இழந்தவர். இரண்டு பையன்கள், ஒரு பெண், மோகனூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், ஒரு கிணறு. வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு மாடு ஓட்டி, தானே தண்ணீர் இறைத்து, மூன்றையும் ஆளாக்கினார். அந்தப் பெண்ணைத்தான் எனக்குக் கொடுத்தார்.

வசவுக்குப் பேர்போனவர். மாட்டை வைவார், மழையை வைவார், மணியகாரரை வைவார். கருப்பணாருக்கும் விலக்கு இல்லை. ஒரு வருஷம் மழை பொய்த்தபோது கோயில் வாசலில் நின்று, “ஏஞ்சாமி, பொங்க வெச்சா மட்டும் முழிச்சுக்குவே, மத்த நாளெல்லாம் தூக்கமா?” என்று கேட்டார். நான் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“நீங்க ஏனுங் மாப்ள பயப்படறீங்க? அவனும் நம்மூட்டு ஆளுதான்” என்றார்.

நான் சொல்ல வந்த விஷயம் யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது. பையன்கள் நல்லமுத்துவும் செங்கோடனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம் இரண்டாகிவிட்டது, கிணற்றை எப்படி இரண்டாக்குவது? ஒரு நாள் அண்ணன் இறைப்பது, மறுநாள் தம்பி இறைப்பது என்று முறை வைத்தார்கள். ஒருநாள் நல்ல மழை. யாரும் இறைக்கவில்லை. அந்த நாள் யார் கணக்கு?

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள். திங்கட்கிழமை நாமக்கல் கோர்ட்டில் கேஸ். தாக்கலாகிவிட்டால், கிணற்றில் யாரும் இறைக்கக் கூடாதென்று தடை வரும். தீர்ப்பு வருவதற்குள் இருவர் வாழையும் காய்ந்து சருகாகும். அண்ணன் தம்பி உறவு அதற்கு முன்பே சருகாகியிருந்தது.

மாமியார் வையவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. “ஞாயித்துக்கெழம கருப்பணாருக்குக் கெடா. எல்லாரும் வந்துருங்க” என்று மட்டும் சொன்னார்.

கருங்கிடா. பளபளவென்று மின்னியது. என்ன தீனி போட்டு வளர்த்திருக்கிறார் என்று ஊரே மெச்சியது. நல்லமுத்து இழுத்து வந்து நிறுத்தினார். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

“ஏனுங்காத்தா, குடும்பத்துல யாருக்கோ கொறை இருக்குதுங்க” என்றார் பூசாரி.

“கேட்டீங்களா? மனசுல இருக்கறதச் சொல்லிப்போடுங்க” என்றார் மாமியார்.

சின்ன மருமகள், போன கிடாவில் தனக்கு எலும்பாகவே விழுந்தது என்றாள். பெரிய மருமகள், அதை இத்தனை நாள் மனசில் வைத்திருந்தாயா என்றாள். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, தீபாவளிக்குச் சேலை எடுக்காததைச் சபையில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்பு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர். கிடா மாலையை முடித்துவிட்டு என் வேட்டியை முகர்ந்தது.

அப்போதுதான் கவனித்தேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்... தலை தவிர உடம்பு முழுக்கத் தேய்த்திருந்தது. தண்ணீர் எப்படித் தோலில் படும்? தாமரை இலையில் ஊற்றின மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

மாமியாரைப் பார்த்தேன். அவர் கருப்பணாரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கென்ன?

வெயில் ஏறிற்று. சோற்றுக்கு வந்த ஊர் முனகியது. கடைசியில் நல்லமுத்து, தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னார்: “டேய்... அந்த மழநாளு மொறய நீயே வெச்சுக்க.”

“எனக்கெதுக்கு? நீயே வெச்சுக்கண்ணா.”

“வெச்சுக்கடாங்கறேன்.”

“வேண்டாங்கறேனில்ல?”

மறுபடி சண்டை வந்துவிடுமோ என்று நினைத்தேன். மாமியார் எழுந்து பூசாரி கையிலிருந்த செம்பை வாங்கினார். “முதுகுல ஊத்துனா யாருக்குக் கேக்கும்? காதுல ஊத்தோணும்” என்று நேராகக் கிடாவின் காதிலேயே கவிழ்த்தார்.

துளுக்கியதே ஒரு துளுக்கு. என் சட்டையெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். குலவைச் சத்தம் காவேரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். திங்கட்கிழமை இரண்டு வக்கீல்களும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

பந்தி முடிந்ததும் தனியாகக் கேட்டேன். “ஏனுங் அத்த, கெடாவுக்கு எண்ணெ...?”

“ஒடம்பு சூடா இருந்துச்சுங் மாப்ள. வாயில்லாச் சீவனுங்க” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

சாகும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தின் ஒரே ரகசியத்துக்கு நான்தான் காவல் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன்.

கிடா உடனே துளுக்கியதும் நல்லமுத்து மெல்லப் போய் அதன் முதுகைத் தடவினார். உள்ளங்கையை முகர்ந்தார். தம்பியிடம், “காஞ்சு கெடக்குதுடா” என்றார்.

“ஆத்தா இல்லீல்லண்ணா” என்றார் செங்கோடன். தானும் கிடாவின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அன்னிக்கே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இழுத்துட்டு வந்தவனே நாந்தானடா. கையெல்லாம் எண்ணெ.”

“தெரிஞ்சுமா எறங்கி வந்தே?”

நல்லமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அத்தன சனத்துக்கு முன்னால ஆத்தா தோத்துப்போயிருமேடா” என்றார்.

நான் கருப்பணாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்திலும் எண்ணெய் வழிந்துகொண்டுதான் இருந்தது.