ஐயா கீறின பெட்டை

பேத்தி படம் கீற மைப்போத்தலைத் திறந்ததும், எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட் முழுக்க ஐயாவின் மேசை மணத்தது.

ஊரில் நான் சிறுமியாக இருந்தபோது, என்னைப் பெற்ற ஐயா பேப்பருக்குக் கிழமைக்கொரு சித்திரக்கதை கீறுவார். அதில் வாற மக்குப் பெட்டைக்கு என்ரை மிதந்த பல்லும் இரட்டைப் பின்னலும்தான். பின்னலுக்கு மை நிரப்புவதும் நான்தான்.

"எடி மக்கு, இந்தக் கிழமை எந்தக் கிணத்துக்கை விழப்போறாய்?" என்று வகுப்பே கத்தும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

"ஏன் பிள்ளை பள்ளிக்கூடம் போகேல்லை?" என்று ஐயா கேட்டார். அவருடைய படத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"படிப்பு ஏறுதில்லை ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். அடுத்த கிழமை அந்தப் பெட்டையும் பேப்பரில் அதையே சொன்னாள். ஊரே சிரித்தது.

"அம்மம்மா, ஆடாமல் இருங்கோ. உங்களைத்தான் கீறப்போறன்" என்றாள் பேத்தி.

நான் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன்.