ஜமீலா அக்கா மடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடி

போன புதன்கிழமை காலையில் கோயில் வாசலில் விற்பதற்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டிலிருந்து ஷமீம் போன் செய்தாள். "செல்விக்கா, அம்மா மவுத்தாயிட்டாங்க. மத்தியானத் தொழுகைக்கு அப்பறம் எடுத்துருவாங்க. வந்துடுங்க" என்றாள். பாதி தொடுத்த சரத்தை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கைத்தடியை எடுத்தார். திருவிடந்தையில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் மாறி, செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம்.

ஷமீமின் அம்மா ஜமீலா அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அப்புறம் அதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். படாளம், திருக்கழுக்குன்றம், எங்கள் கடற்கரைப் பக்கம் என்று பஸ் போகிற இடமெல்லாம் போவார். வந்ததும் நோயாளியிடம் போக மாட்டார். நேராகப் பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கழுவ வைப்பார். "இன்னாடி இவ, என் வூட்ல எனக்கே கை கழுவச் சொல்லித் தரா" என்று என் மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கழுவியது கண்ணில் நிற்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் தேங்காய் பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே தொட்டால் அவருக்குத் தெரியாது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படிப்பும் ஐந்தாவதோடு சரி. முதல் நாள் வந்த அக்காவிடம், "எனக்கு இன்னாக்கா தெரியும்?" என்று அழுதேன்.

"இனிமே நீதான் டாக்டரு, நீதான் நர்ஸு, நீதான் ஆயா. லீவு மட்டும் கேக்காத" என்று சிரித்தார். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் என் வீட்டுக்காரரைத் திருப்பிப் போடக் கற்றுக்கொடுத்தார். வலம், மல்லாக்க, இடம். "ஒரே பக்கம் போட்டா தோல் செத்துப் பூடும். அவருக்கு வலிக்காது. அதனால நீதான் முழிச்சிக்கணும்."

நான் அப்படிச் செய்யவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் பெரிதாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒரே அறை. கட்டில் மேற்குச் சுவரை ஒட்டி, தலை தெற்கே பார்த்துக் கிடந்தது. வலப்பக்கம் திருப்பினால் வாசல் தெரியும். இடப்பக்கம் திருப்பினால் வெறும் சுவர். பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுவர் பக்கம் திருப்பினால் அவர் கத்துவார். நானும் பாவப்பட்டு வலப்பக்கமே போட்டுவைத்தேன். மூன்றாவது வாரம் வலது இடுப்பில் தோல் கறுத்துப் பிய்ந்தது. பயந்துபோய் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி, மேலே துணி சுற்றி மறைத்துவிட்டேன்.

அக்கா வந்து கை கழுவிவிட்டு நுழைந்ததுமே நின்றார்.

"இன்னா வாசன இது?"

"மஞ்சக்கா."

துணியை எடுத்துப் பார்த்தார். "எத்தினி நாளா இந்தப் பக்கமே போட்டுகினு கீற?"

"நீங்க சொன்ன மாரிதான் திருப்புறேன்."

"நீ சொல்றது ஒண்ணா கீது, இந்தப் புண்ணு சொல்றது வேறயா கீது, செல்வி. இது எலும்பத் தொட்டுச்சின்னா ஆளு தங்க மாட்டாரு."

அப்போது என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "அவளத் திட்டாதீங்கக்கா. நாந்தான் மாட்டேன்னேன். சுவத்தப் பாத்துகினு படுத்தா, வர்றவன்லாம் என் முதுகப் பாத்து பேசறான். பொணத்தாண்ட பேசற மாரி கீது."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, "கட்டிலத் தல மாத்திப் போட்டா இடப்பக்கம் படுத்தாலும் வாசல் தெரியும்" என்றார்.

மாமியார் குதித்தார். "வடக்க தல வெக்கறதா? எம்புள்ள உசுரோட கீறான்மா!"

"சரி பெரிம்மா. தல தெக்கயே இருக்கட்டும்" என்று எழுந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். புண் எப்படி வந்தது என்று மாமியார் கேட்டபோது நான் செத்துப்போனேன். அக்கா என்னைப் பார்க்காமலே, "படுத்துகினு கீறவங்களுக்கு வர்றதுதான். ஒங்க மருமவ கூட இருந்ததால இத்தோட போச்சு" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பெட்ஷீட் சுற்றிய ஒரு பெரிய பொருளோடு இறங்கினார். அவர் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி. மரச்சட்டம் போட்டது. செங்கல்பட்டிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "இன்னா பாயம்மா, கல்யாண சீரா?"ன்னு கண்டக்டர் கேட்டானாம். "ஆமாம்பா, மாப்ள படுத்துகினு கீறாரு, நாந்தான் தூக்கிகினு போவணும்"னு சொன்னாராம்.

அதைச் சுவரில் தலையணை உயரத்துக்கு மாட்டினார். என் வீட்டுக்காரரை இடப்பக்கம் திருப்பிப் போட்டோம். கண்ணாடிக்குள் வாசல், தெரு, எதிர்வீட்டு ஆடு எல்லாம் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் தெருவில் என் தம்பி போனான். சுவரைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர், "டேய் மச்சான், என்னப் பாக்காம நைசா நழுவுற?" என்று ஒரு சத்தம் போட்டார். தம்பி சைக்கிளோடு சாய்ந்தான். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

நாள் விட்டு நாள் அக்கா வந்தார். புண் ஆற மூன்று மாதம் ஆனது. காலில் உணர்வு வர ஒரு வருஷம் ஆனது. இப்போது என் வீட்டுக்காரர் கைத்தடி ஊன்றி நடந்துபோய் ஈசிஆர் ரோட்டோரம் இளநீர் விற்கிறார்.

சில வருஷம் கழித்து படாளத்தில் ஒரு வீட்டுக்கு அக்கா என்னையும் அழைத்துப்போனார். அங்கே ஒரு மருமகள் மாமனாரின் புண்ணை மறைத்து வைத்திருந்தாள். "நான் கேட்டா பயப்படுவா. நீ போயி ஒன் கதையச் சொல்லு" என்றார். சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தானே போர்வையை விலக்கிக் காட்டினாள்.

போன வருஷம் அக்காவுக்கே பக்கவாதம் வந்தது. நான் அதே கண்ணாடியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் கட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். வாய் கோணிக்கொண்டிருந்தாலும், "இன்னும்... கீழ... எறக்கு" என்றார். எறக்கினேன். வாரம் ஒரு நாள் போவேன். கை கழுவாமல் கிட்டே போனால் முறைப்பார்.

புதன்கிழமை அடக்கத்துக்கு அக்காவின் ஜனாஸாவை எடுக்கும் நேரம் ஆண்கள் மட்டும் வெளியே போனார்கள். என்னால் வாசலைப் பார்க்க முடியவில்லை. அவர் அறைக்குள் போய்க் காலிக் கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் வாசல் தெரிந்தது. தோள்களின் மேல் அக்கா போனார். எல்லோரும் போன பிறகு கடைசியாக, கைத்தடியை ஊன்றி ஊன்றி, என் வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து போனார். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, உங்களோடு கடைசிவரை நடந்து வந்தவர் நீங்கள் நடக்க வைத்தவர்தான். அமைதியாகத் தூங்குங்கள்.