கேசரிக்கு ஸ்பூன்

அக்காவைப் பெண் பார்க்க எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணுவதை எங்கள் வீட்டில் விட்டு நாளாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா கேசரி கிண்டுவார். அப்பா செராமிக் கம்பெனியில் சூளை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு வந்து உட்காருவார். அக்கா அதே ஊதாப் புடவையில் வந்து நிற்பாள்.

அந்த முறை சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளையும் அவரைப் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். அக்காவைப் பார்த்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீர் குடித்தார்கள். கேசரியை மட்டும் யாரும் தொடவில்லை. பெண் பிடித்திருந்தால்தான் எங்கள் பக்கத்தில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் சங்கடம் யாருக்கும் இல்லை. அப்போது எனக்கு இது தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் என்பதால் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். தட்டில் ஸ்பூன் இல்லை.

பக்கத்து பாய் வீட்டுக்கு ஓடினேன். அவர் துபாயில் இருந்ததால் அங்கே ஸ்பூனும் உண்டு, தெருவுக்கே பொதுவான போனும் உண்டு. மூன்று ஸ்பூன் வாங்கிவந்து, சட்டையில் துடைத்துத் தட்டுகளில் வைத்தேன்.

"இப்ப சாப்புடுங்க."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மா கண்ணை உருட்டினார். சபாஷ் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மாதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினியாவது படிக்கிற?"

"அஞ்சாவதுங்க."

"கெட்டிக்காரன்தான்" என்று ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பாய் வீட்டு போனுக்குத் தகவல் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

"கை நனச்சிட்டாங்க, பாத்தியா" என்றார் அப்பா.

அக்கா தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டே, "அது இவனுக்காவத் தின்னதுப்பா" என்றாள். எனக்காக ஒருவர் சாப்பிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பின் தினமும் அப்பா வேலைவிட்டு வந்ததும் வாசலில் நின்று பாய் வீட்டுப் பக்கம் பார்ப்பார். பிறகு அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அம்மா உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான். சோறு ஆயிற்றா என்று அப்பா பசியில் கேட்கிறார், இன்னும் ஆகவில்லை என்கிறார் அம்மா என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா அப்பவே வடிச்சிடுச்சிப்பா, வந்து குந்து" என்றேன்.

அப்பா மெல்லச் செருப்பைக் கழற்றினார். அக்கா அவருக்குத் தட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் புருவத்தை உயர்த்தி நான் பார்க்கவில்லை. வீட்டில் இப்போதெல்லாம் சோறு நேரத்தோடு ஆகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.